வால் அறுந்த குதிரை

அன்று கைப்பதிவகத்தின் மூன்றாம் எண் அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள் எல்லாம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான், நாச்சிமுத்து, வயது எழுபத்தெட்டு, நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அக்காள் மகன் பொன்னுசாமி, எனக்குத் துணையாக வந்தவன். விசாரணை அலுவலர் கமருன்னிசா. என் மகளின் கணவர் அருளப்பன், திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர். அவர்களுடைய மகள் நித்திலா, வயது பதினேழு. ஆக ஐந்து பேர். ஆறாவது ஆள் கிடையாது.

என் மகள் கோகிலவாணி அங்கே இல்லை. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

கைச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்பு எப்படி இருந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. ஒருவர் வரைந்த படத்தை இன்னொருவர் வலையிலிருந்து எடுப்பார். கீழே இருக்கும் பெயரை வெட்டுவார். பனியனில் அடிப்பார், பிஸ்கட் உறையில் போடுவார், கட்சி போஸ்டரில் ஒட்டுவார். கேட்டால், "நெட்ல கெடந்துச்சுங்க" என்பார். வாணி கையை எடுக்காமல் ஒரே கோட்டில் விலங்குகளை வரைவாள். அவள் வரைந்த ஆட்டுக்குட்டி திருப்பூரில் எத்தனை லட்சம் குழந்தைகளின் சட்டையில் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அவள் சண்டை போட்டதில்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவாள். எல்லாருக்கும் ஒரே வாசகம்: "இது நான் வரைந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்."

அந்தச் சட்டத்துக்காகச் சென்னைக்குப் போய்ப் பேசியவர்களில் அவளும் ஒருத்தி. அதை நான் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் அவளோடு பேசுவதில்லை.

இப்போது ஒரு படத்தை வலையில் ஏற்றினால் கருவி அதைப் படிக்கும். என்ன படம் என்பது அதற்கு முக்கியமில்லை. எந்தக் கை என்று பார்க்கும். கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே தயங்குகிறது, ஒரு வளைவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்றெல்லாம் அளந்து, இன்னாருடைய கை என்று சொல்லிவிடும். அது உங்கள் கையாக இல்லாவிட்டால், உரியவருக்குச் செய்தி போகும். அவர் "சரி" என்றால் படம் ஏறும், அடியில் அவர் பெயரும் ஏறும். "இல்லை" என்றால் ஏறாது. உரியவர் இறந்துவிட்டால் அவர் எழுதிவைத்த காப்பாளர் பதில் சொல்ல வேண்டும்.

வாணி தன் காப்பாளராக என் பெயரை எழுதிவைத்திருந்தாள்.

அவள் இறந்த பதினாறாம் நாள் அந்த அறிவிப்பு எனக்கு வந்தது. அவளுடைய சாவுக்கு நான் போகவில்லை. திண்டுக்கல் வரை போனேன். அவர்கள் தெருவின் முனையில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன். என் சம்மதமில்லாமல் வேறு சாதியில், வேறு மதத்தில் திருமணம் செய்துகொண்டாள் என்பதுதான் காரணம். கேட்காமல் செய்தாள் என்று ஊரில் நான் சொல்லிவந்தேன். அது சரியில்லை. கேட்டாள். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் நான் முடியாது என்றேன்.

காப்பாளரான பிறகு தினமும் காலையில் காபிக்கு முன்னால் உட்கார்ந்து, வந்திருக்கும் விண்ணப்பங்களுக்கெல்லாம் "இல்லை" என்று அமுக்குவேன். மூன்று வருடத்தில் மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு. பள்ளிக்கூடம் கேட்டது, இல்லை. குழந்தைகள் வார்டின் சுவருக்கு ஒரு டாக்டர் கேட்டார், இல்லை. உயிரோடு இருந்தபோது அவள் பெயரை வெட்டிய கூட்டம் இது, இப்போது கைகட்டி நிற்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்துப் பெண்ணின் பெயரைக் காப்பதாகவும் நினைத்தேன்.

அவற்றில் பதினொரு விண்ணப்பங்கள் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. ஒரே ஆளைப் பத்து முறைக்கு மேல் மறுத்தால் நேரில் விசாரணை உண்டு. அதற்குத்தான் என்னைத் திருப்பூருக்கு அழைத்தார்கள். நேரிலும் மறுத்துவிட்டு வரலாம் என்றுதான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

உள்ளே நுழைந்ததும் அருளப்பன் எழுந்து நின்றார். "வணக்கம் சார்" என்றார். இருபது வருடமாக எனக்கு மருமகன், என்னை சார் என்றுதான் கூப்பிட முடிகிறது. நான் தலையை மட்டும் அசைத்தேன்.

பொன்னுசாமிக்கு வாய் சும்மா இருக்காது. "என்னுங்க வாத்தியாரே, எளச்சுட்டீங்க? எனக்கு மொறைப்பொண்ண நீங்க கட்டிக்கிட்டுப் போனப்ப நல்லா பந்து மாதிரி இருந்தீங்க."

"வயசாயிருச்சுங்க" என்று சிரித்தார் அருளப்பன்.

"எனக்கும்தான் ஆச்சு. ஆனா பாருங்க, தொப்பை மட்டும் வஞ்சன இல்லாம வளருது."

"மாப்ள, பேசாம உக்காரு" என்றேன்.

கமருன்னிசா விசாரணைக் கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஐயா, இந்தப் பதினொரு விண்ணப்பத்தையும் படிச்சுட்டுத்தான் மறுத்தீங்களா?"

"பத்தைப் படிக்கல. பதினொண்ணாவதைப் படிச்சேன்."

"படிச்சும்?"

"படிச்சுத்தான் மறுத்தேன். 'அருளப்பன் மகள் நித்திலா'ன்னு போட்டிருந்துச்சு."

அந்தப் பெண் தலை குனிந்தாள். முகத்தில் அப்பனின் சாடை. கொண்டையை மட்டும் பென்சிலால் குத்தி வைத்திருந்தாள், வாணியைப் போல.

"அவங்க காப்பியடிக்கல ஐயா" என்றார் கமருன்னிசா. "அதான் இதுல சிக்கல். நித்திலாவுக்கு மூணு வயசுலேர்ந்து அம்மா கையப் புடிச்சு வரையச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கோடு அப்படியே படிஞ்சுபோச்சு. இவங்க எதை வரைஞ்சாலும் கருவி இவங்க அம்மான்னுதான் சொல்லுது. சொந்தப் படத்தையே இவங்களால ஏத்த முடியல."

"அதுக்கு வழி இல்லையா?"

"இருக்குங்க. கைப்பிரிவுன்னு ஒண்ணு. கருவிக்கு ரெண்டு கைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் குடுத்து, இவங்களுக்குத் தனிக் கை போட்டுருவோம்."

எனக்குப் புரிந்தது. ஒரு சர்வே எண்ணை உட்பிரிவு செய்து தனிப் பட்டா கொடுப்பதைப் போல. "அப்ப அதைச் செஞ்சுக்க வேண்டியதுதானே? என்கிட்ட எதுக்கு வரணும்?"

நித்திலா நிமிர்ந்தாள். "எனக்குப் பிரிக்க வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"பிரிச்சுட்டா அம்மா கைய மூடிருவாங்க. அதுக்கப்புறம் புதுசா ஒரு கோடுகூட அம்மா பேருல வராது. நான் வரையறதுக்குக் கீழ அம்மா பேரும் வரணும். அவ்வளவுதான் கேட்டேன். அப்புச்சி ஒரு தடவை 'சரி'ன்னா போதும்."

எங்கள் பக்கத்தில் தாயின் தகப்பனை அப்புச்சி என்பார்கள். திண்டுக்கல்லில் அப்படி யாரும் சொல்வதில்லை. வாணி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கமருன்னிசா ஒரு பலகையையும் எழுதுகோலையும் அவளிடம் நகர்த்தினார். "ஐயா முன்னாடி ஒண்ணு வரைம்மா. பதிவுக்காக."

அவள் வரைந்தாள். ஒரு நாய் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. அவள் கையை எடுக்கவில்லை. காது முடிந்ததும் மேசை மேலிருந்த கருவி பேசியது. பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர் சொல்லும் குரல்தான். புதிதாக ஒன்றும் இல்லை.

"வரைபவர் கோகிலவாணி."

வரைபவர் என்றது. வரைந்தவர் என்று சொல்லவில்லை. என் மகள் இப்போது இந்த அறையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பதாக அது நினைக்கிறது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு வரை" என்றேன்.

அவள் ஒரு காக்கையை வரைந்தாள்.

"வரைபவர் கோகிலவாணி."

அருளப்பன் மெதுவாகச் சொன்னார். "வீட்ல தினமும் சாயங்காலம் இதுதாங்க சார் நடக்குது. படம் ஏறாதுன்னு தெரியும். அந்தப் பேரைச் சொல்றதைக் கேக்கத்தான் வரையறா. நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்குவேன்."

பொன்னுசாமி மூக்கைச் சிந்தினான். "மாமா, இன்னும் என்னத்த யோசிக்கறீங்க?"

நான் யோசிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "சரி" என்றேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொன்னேன். கமருன்னிசா திரையை என் பக்கம் திருப்பினார். பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

கருவி உடனே பேசியது. "காப்பாளரின் அனுமதி செல்லாது."

"மிஷினு கோளாறுங்களா?" என்றான் பொன்னுசாமி.

கமருன்னிசா திரையைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். நீண்ட நேரம் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஐயா, 'இல்லை'ன்னு சொல்றதுக்கு யாரோட தகுதியையும் நாங்க பாக்கறதில்லை. 'சரி'ன்னு சொன்னாதான் கருவி பழைய பதிவெல்லாம் தேடும். நீங்க இதுவரைக்கும் ஒரு தடவைகூட சரின்னு சொன்னதில்லை. அதனால இது வெளியில வரல. உங்க மேல ஒரு புகார் திறந்தே இருக்கு. ஒரு கைக்கிட்ட கேக்காம படம் எடுத்தவர் அந்தக் கைக்குக் காப்பாளரா இருக்க முடியாதுங்க."

"யார் குடுத்த புகார்?"

"கோகிலவாணி. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி."

அதைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் குலதெய்வக் கோயில் பொங்கல் நோட்டீஸுக்கு ஒரு குதிரைப் படம் தேவைப்பட்டது. வாணி பதினாலு வயதில் வயல் எல்லை வரையும் என்னுடைய பழைய புலப்படத் தாளின் பின்பக்கத்தில் ஒரு குதிரை வரைந்தாள். பிற்பாடு அதையே திருத்தி வரைந்து வலையில் போட்டிருந்தாள். அந்தக் குதிரையின் வால் கீழே இறங்கி, சுழித்து, அந்தக் கோடே அவளுடைய பெயராக முடியும். அந்த வலைப் படத்தை அச்சகத்தில் கொடுத்து, பெயரை எடுத்துவிடச் சொன்னேன். நான் தலைமுழுகிய பெண்ணின் பெயர் குலதெய்வ நோட்டீஸில் வரக் கூடாது. "எடுத்தா வால் பாதியோட நிக்குமுங்களே" என்றார் அச்சகக்காரர். நிற்கட்டும் என்றேன். அடியில் "நாச்சிமுத்து குடும்பத்தார் உபயம்" என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் மறையும் அளவுக்கு அதில் பெயர் எழுதிக்கொள்வோம். வரைந்தவர் பெயரை எங்கும் எழுதி நான் பார்த்ததில்லை. பங்காளிகளில் ஒருவர் அந்த நோட்டீஸை வலையில் ஏற்றப் போனார். கருவி படித்துவிட்டது.

அவளிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாருக்கும் எழுதும் அதே வாசகம், முன்னால் அப்பா என்ற ஒரு சொல் மட்டும் கூடுதல். பெற்றவன் பிள்ளையிடம் கேட்பதா என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். கடிதத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"வால் அறுந்த குதிரைன்னு ஊரே சிரிச்சுதுங்களே, அதுங்களா?" என்றான் பொன்னுசாமி.

"புகார்ல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

கமருன்னிசா வாசித்தார். "நடவடிக்கை எதுவும் வேண்டாம். படம் நோட்டீஸிலேயே இருக்கட்டும். அப்பா ஒரு வார்த்தை கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். அதுவரை இதை மூட வேண்டாம்."

"அப்புறம்?"

"ஆறு வருஷத்துல நாங்க நாலு தடவை அவங்களுக்கு எழுதியிருக்கோம். நீங்க புகார் குடுத்த ஆளையே காப்பாளரா வெச்சிருக்கீங்க, வேற பேர் குடுங்கன்னு. நாலு தடவையும் ஒரே பதில்." அவர் நிறுத்தினார்.

"வாசிங்க."

"மாற்ற வேண்டாம். அப்பா கேட்டுவிடுவார்."

அருளப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்கூட மாத்தச் சொன்னேங்க சார். அவ கேக்கல. எங்கப்பா அடுத்தவன் எல்லைக்கல்ல ஒரு அங்குலம் நகத்த விடமாட்டார், என் பேரு அவர்கிட்டதான் பத்திரமா இருக்கும்னா."

என்னை வளர்த்தவர்கள் எனக்கு அழச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். "புகாரை எப்படி மூடறது?"

"எடுத்தவர் கேக்கணும். உரியவர் சரின்னு சொல்லணும்."

"அப்ப நான் கேக்கறேன்."

"ஐயா, அவங்க..."

"எனக்குத் தெரியும். கேக்கற முறைக்குக் கேட்டாகணும். எழுதிக்குங்க."

அவர் திரையில் கோரிக்கை எழுதும் பக்கத்தைத் திறந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் எழுத்துப் பிசகாமல் பதிந்தார். "வாணி, உன் குதிரையை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். உன் பெயரை வெட்டினேன். இப்போது கேட்கிறேன். எடுத்துக்கொள்ளட்டுமா? அப்பா."

அனுப்பினார். திரையில் பதிலுக்குப் பத்து நிமிடம் என்று காட்டிக் குறைய ஆரம்பித்தது.

அப்போது அருளப்பனின் பைக்குள் ஒரு போன் அதிர்ந்தது.

அவர் அதை வெளியே எடுத்தார். பழைய போன். முதுகில் ஒரு ஆட்டுக்குட்டிப் படம் ஒட்டியிருந்தது. மூன்று வருடமாக அவர் அதைச் சார்ஜ் போட்டு, பணம் கட்டி, கூடவே வைத்திருந்திருக்கிறார். திரையில் என் வார்த்தைகள் வந்திருந்தன. அவற்றின் கீழே இரண்டு பொத்தான்கள். சரி. இல்லை.

கமருன்னிசா விசாரணைக் கோப்பை மூடிவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்தார். கதவு வரை போனவர், அங்கேயே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் எதற்காக எழுந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"வாத்தியாரே, அமுக்குங்க" என்றான் பொன்னுசாமி. குரல் கிசுகிசுத்தது. "யாரு பாக்கறா? மாமா சொன்ன 'சரி' செல்லும். புள்ள கேட்டது கெடைக்கும். வாணி இருந்தா அமுக்கியிருக்க மாட்டாளா? அமுக்குங்க!"

அருளப்பனின் கட்டை விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. என்னைப் பார்த்தார். அமுக்கச் சொல்ல எனக்கு வாய் வந்தது. பொய் இல்லை, வந்தது.

"வேண்டாம்ப்பா" என்றாள் நித்திலா.

"கண்ணு, அம்மா சரின்னுதான்டா சொல்லியிருப்பா."

"தெரியும். ஆனா அது அம்மா சொல்லணும். நாம சொல்லிட்டு அம்மா சொன்னதா போடக் கூடாது. அம்மா வாழ்நாள் முழுக்க அதைத்தானேப்பா வேண்டாம்னு எழுதிட்டு இருந்தாங்க." அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கி மேசை நடுவில் வைத்தாள். "இருக்கட்டும். பத்து நிமிஷமும் இருக்கட்டும்."

நாங்கள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நில அளவையில் சங்கிலி பிடித்து வெயிலில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் போல் எதுவும் நீண்டதில்லை. இரண்டு நிமிடம் இருந்தபோது திரை மங்கியது. நித்திலா விரலால் தொட்டு அதை எழுப்பினாள். பொத்தான்களின் மேல் விரல் படாமல் ஓரத்தில் தொட்டாள்.

நேரம் முடிந்தது. கமருன்னிசா திரும்பி வந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். என் காப்பாளர் பொறுப்பு ரத்து. நான் மறுத்த மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறும் மறுத்ததாகவே நிற்கும். சரி சொல்ல இனி யாரும் இல்லாததால் கோகிலவாணியின் கை இன்றோடு மூடப்படும். நித்திலாவுக்குக் கைப்பிரிவு ஒன்றுதான் வழி.

"முன்னாடியே கேட்டிருந்தா?" என்று நான் கேட்டேன். "மூணு வருஷத்துக்கு முன்னாடி?"

"ஒரே ஒரு நாள் கேட்டிருந்தாலும் போதும் ஐயா. அவங்க இருந்தப்ப."

கைப்பிரிவுக்கு நாற்பது கோடுகள் வரைய வேண்டும். கருவி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும். முதல் முப்பது வரை வாணியின் பெயரைத்தான் சொன்னது. அந்தப் பெண் மிக மெதுவாக வரைந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. முப்பத்தொன்றில் கருவி தயங்கியது. முப்பத்து ஆறில் இரண்டு பெயரையும் சொன்னது. அதைக் கேட்டதும் அவள் கோலை வைத்துவிட்டு அப்பனின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு துடைத்துக்கொண்டு எடுத்தாள். நாற்பதாவது கோட்டை ஒரு குதிரையாக வரைந்தாள். வாலை முழுதாக இறக்கி, சுழித்து, கோடு முடிகிற இடத்தில் தாயின் பெயரை எழுதினாள்.

"வரைபவர் நித்திலா" என்றது கருவி.

வெளியே வந்தபோது அவள் அந்தக் குதிரையை அச்செடுத்த தாளை என்னிடம் நீட்டினாள். வாங்கவில்லை. "கண்ணு, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன் அப்புச்சி" என்றாள். அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். இன்னும் சொல்லவில்லை. அது அவளுடைய உரிமை.

இந்த வருடப் பொங்கல் நோட்டீஸில் படம் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன் வந்த குதிரை என் மகள் கோகிலவாணி வரைந்தது என்றும், அவளைக் கேட்காமல் நான் எடுத்தேன் என்றும் இரண்டு வரி போட்டேன். பங்காளிகள் குடும்ப மானம் போயிற்று என்றார்கள். அது போன நாள் எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் தெரியாது.

கடைசியாக ஒன்று. பத்து நிமிடம் முடியும் நேரத்தில் என் மகளின் போன் தானாகவே ஒளிர்ந்தது என்றும், யாரும் தொடாமலே "சரி" என்று விழுந்தது என்றும், அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றும் காங்கேயம் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பொன்னுசாமி ஆரம்பித்து வைத்தது, ஆசையில் சொல்லியிருப்பான். அது நடக்கவில்லை. நேரம் முடிந்ததும் திரையில் இரண்டு சொற்கள் வந்தன: பதில் இல்லை.